ஆன்டிவைரஸ் வாங்கும் முன் ஐந்து கேள்விகள்

(நூலக வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



வீட்டுக் கணினிக்கு ஆன்டிவைரஸ் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதுதான் இன்று நாம் பேசப்போகும் விஷயம். நான் கணினிப் பொறியாளர் இல்லை. இதழியல் படித்துவிட்டு, அரசுச் சேவைகளைப் பற்றி மக்களுக்குப் புரிகிற மாதிரி எழுதும் வேலையில் இருக்கிறேன். அப்படியிருந்தும் இந்தத் தலைப்பை நானே கேட்டு வாங்கினேன். எங்கள் வீடு ஒருமுறை பட்ட அடிதான் அதற்குக் காரணம்.

என் அக்கா அப்போது முனைவர் பட்ட ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தார். வீட்டில் இருந்தது ஒரே ஒரு கணினி. அது மெதுவாக ஓடுகிறது என்று அப்பா பக்கத்துத் தெரு கடைக்கு எடுத்துப் போனார். கடைக்காரர், "ஒரிஜினல் ஆன்டிவைரஸ் வாங்கினா வருஷா வருஷம் காசு கட்டணும் சார். 300 ரூபா குடுங்க, லைஃப்டைம் போட்டுத் தர்றேன்" என்றார். அப்பாவுக்கு ஏக சந்தோஷம். வந்ததும், "இனிமே பயமே இல்ல" என்று எங்களிடம் சொன்னார்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு ராத்திரி அக்கா கணினியைத் திறந்தால், எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னாலும் புரியாத நாலு எழுத்து ஒட்டியிருக்கிறது. எதுவுமே திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு சின்னக் கடிதம்: 'உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம். திறக்க 980 டாலர். 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் 490 டாலர்.' கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அது. கிராக் செய்த மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு பரவுகிற வகை.

அப்பா திரையின் ஓரத்தைக் காட்டி, "பச்சை டிக் இருக்கே? ஆன்டிவைரஸ் ஓடிட்டுத்தானே இருக்கு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தக் கிராக் வேலை செய்வதற்காக, விண்டோஸிலேயே இருந்த பாதுகாப்பைக் கடையில் அணைத்துவிட்டிருந்தார்கள். பச்சை டிக் வெறும் படம்.

அக்காவிடம் பென் டிரைவில் ஒரு பிரதி இருந்தது. ஆனால் அது கணினியிலேயே செருகியபடி இருந்ததால் அதுவும் பூட்டிக்கொண்டது. ஆய்வு நெறியாளருக்கு மெயிலில் அனுப்பியிருந்த இரண்டு அத்தியாயங்கள் மட்டும் மிஞ்சின. மற்ற மூன்றையும் அக்கா முதலிலிருந்து எழுதினார். ஏழு மாதம் ஆனது. பாட்டியின் கடைசிப் பொங்கல் படங்கள் திரும்பக் கிடைக்கவே இல்லை.

அதனால், "எந்த ஆன்டிவைரஸ் நல்லதுங்க?" என்று யாராவது கேட்டால் நான் உடனே ஒரு பெயரைச் சொல்வதில்லை. இது அரசு இதழ் என்பதால், எந்த நிறுவனத்தையும் வாங்கச் சொல்லிப் பரிந்துரைக்கவும் முடியாது. அதைவிடப் பயனுள்ளதாக, நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்ள ஐந்து கேள்விகள் தருகிறேன்.

முதல் கேள்வி: என் கணினியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது?

பலருக்கு இது தெரிவதில்லை. 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல், 'டிஃபெண்டர்' என்ற ஆன்டிவைரஸ் விண்டோஸுடனேயே வருகிறது. தனியாகக் காசு கிடையாது. ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் உள்ள ஏவி-டெஸ்ட் என்ற ஆய்வகம், ஆன்டிவைரஸ்களைப் பாதுகாப்பு, வேகம், பயன்பாடு என்று மூன்று பிரிவுகளில் சோதிக்கிறது. பிரிவுக்கு 6 என, மொத்தம் 18 மதிப்பெண். சமீப ஆண்டுகளில் டிஃபெண்டர் அங்கே விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்களோடு முன்வரிசையில்தான் நிற்கிறது.

ஸ்டார்ட் பட்டனை அழுத்தி 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தட்டச்சு செய்யுங்கள். அதில் 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்' என்ற பகுதியைத் திறந்தால், உங்கள் கணினியை இப்போது எந்த ஆன்டிவைரஸ் காக்கிறது என்று தெரியும். டிஃபெண்டர் என்றால், அமைப்புகளுக்குள் போய் 'ரியல்-டைம் புரொடெக்‌ஷன்' ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயே 'ரான்சம்வேர் புரொடெக்‌ஷன்' என்ற பகுதியில், 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' என்று ஒன்று இருக்கும். சாதாரணமாக அது அணைந்தே இருக்கும். ஆன் செய்துவிட்டால், அறிமுகமில்லாத புரோகிராம் எதுவும் உங்கள் டாக்குமென்ட், படக் கோப்புகளில் கைவைக்க முடியாது. சில சமயம் நல்ல புரோகிராமையும் தடுக்கும். அப்போது அதற்கு மட்டும் நீங்களே அனுமதி கொடுத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் பார்க்க அஞ்சு நிமிஷம்கூட ஆகாது. எங்கள் வீட்டில் யாராவது அந்த அஞ்சு நிமிஷத்தைச் செலவழித்திருந்தால், பாதுகாப்பு அணைந்து கிடப்பது அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இரண்டாவது கேள்வி: என் விண்டோஸுக்கு இன்னும் அப்டேட் வருகிறதா?

ஆன்டிவைரஸ் என்பது வாசலில் நிற்கிற வாட்ச்மேன் மாதிரி. பின்பக்கச் சுவரில் ஓட்டை இருந்தால், வாட்ச்மேன் எவ்வளவு நல்லவராக இருந்தும் பயனில்லை. அந்த ஓட்டையை அடைக்கிற சிமெண்ட்தான் அப்டேட்.

2017 மே 12 அன்று 'வானாக்ரை' என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் மாட்டிக்கொண்டன. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அது நுழைந்த ஓட்டைக்கான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14-லேயே வெளியிட்டுவிட்டது. இரண்டு மாதம் அவகாசம் இருந்தும், அப்டேட் செய்யாமல் இருந்த கணினிகளே பெருமளவு சிக்கின.

நம் மாநிலத்தில் 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகள் பல வீடுகளில் இன்னும் ஓடுகின்றன. தம்பி, தங்கைக்குக் கைமாறி, இப்போது அப்பாவின் கணக்கு எழுதும் வேலைக்கு வந்திருக்கும். அவற்றில் விண்டோஸ் 7 இருந்தால், அதற்கு அப்டேட் நின்றது 2020 ஜனவரி 14-ல். விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ல் ஆதரவு முடிந்துவிட்டது. தனியாகப் பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனாளர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது.

உங்கள் கணினி ஏற்றுக்கொண்டால் விண்டோஸ் 11-க்கு மாறுங்கள். விண்டோஸ் 10-லிருந்து மாறக் கட்டணம் இல்லை. ஏற்காத பழைய கணினி என்றால், லினக்ஸ் ஒரு நல்ல வழி. அந்த மடிக்கணினிகளில் பலவற்றில் விண்டோஸுடன் 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸும் சேர்ந்தே வந்தது சிலருக்கு நினைவிருக்கும். புதிய லினக்ஸ் பதிப்பு ஒன்றைப் போட்டால், பிரௌசிங், கடிதம், கணக்கு வேலைகளுக்குத் தாராளமாகப் போதும். அதுவும் வேண்டாம் என்றால், அந்தக் கணினியில் நெட் பேங்கிங் மட்டும் செய்யாதீர்கள். அப்டேட் நின்றுபோன கணினிக்கு விலை உயர்ந்த ஆன்டிவைரஸ் வாங்குவது, ஒழுகுகிற கூரைக்குப் பெயின்ட் அடிப்பது போல.

மூன்றாவது கேள்வி: காசு கொடுத்து வாங்க எனக்கு என்ன அவசியம்?

இப்படிக் கேட்பதால் விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்கள் வீண் என்று நான் சொல்லவில்லை. வீட்டிலேயே வரிக் கணக்கு, ஜிஎஸ்டி வேலை பார்த்து மற்றவர்களின் தகவல்களை வைத்திருப்பவர்களுக்கு அது தேவைப்படலாம். ஒரே சந்தாவில் நாலைந்து கணினி, போன்களைக் காக்க நினைப்பவர்களுக்கும், ஏதாவது ஆனால் போன் செய்து கேட்க ஓர் ஆள் வேண்டும் என்கிற பெரியவர்களுக்கும் பயன்படும். ஆனால் பிள்ளையின் படிப்பு, மின் கட்டணம், பட்டா டவுன்லோடு, சினிமா என்று ஓடுகிற சாதாரண வீட்டுக்கு, அப்டேட் ஆன விண்டோஸும் அதிலேயே இருக்கிற டிஃபெண்டரும் போதும்.

நான்காவது கேள்வி: வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்குவது?

விளம்பரத்தைப் பார்க்காதீர்கள், சோதனை முடிவைப் பாருங்கள். நான் சொன்ன ஏவி-டெஸ்ட் போலவே, ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில் ஏவி-கம்பேரடிவ்ஸ் என்ற ஆய்வகம் இருக்கிறது. இரண்டும் தங்கள் முடிவுகளை இணையத்தில் இலவசமாக வெளியிடுகின்றன.

அடுத்து, புதுப்பிக்கும் விலை. முதல் வருடம் தள்ளுபடியில் கிடைப்பது, இரண்டாம் வருடம் இரண்டு மடங்காகலாம். 'ஆட்டோ ரினியூவல்' என்ற பெட்டியில் டிக் இருந்தால் கேட்காமலே கார்டிலிருந்து பணம் போகும். வாங்கும்போதே அதைப் பார்த்துவிடுங்கள்.

தனியுரிமையையும் கவனியுங்கள். 2024-ல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், ஒரு பிரபல ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் மீது 1 கோடியே 65 லட்சம் டாலர் விதித்தது. பயனாளர்கள் எந்தெந்த இணையதளத்துக்குப் போனார்கள் என்ற விவரத்தை அந்த நிறுவனம் விற்றது என்பதுதான் குற்றச்சாட்டு. 'இலவசம்' என்றால், அந்த நிறுவனத்துக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு நிமிடம் யோசிப்பது நல்லது.

இன்னொன்று, ஒரு கணினிக்கு ஓர் ஆன்டிவைரஸ் போதும். இரண்டு போட்டால், இரண்டும் ஒரே கோப்பைச் சோதிக்கப் போட்டி போட்டுக் கணினியை முடக்கும். புது லேப்டாப்பில் 30 நாள் இலவசமாக வந்த ஆன்டிவைரஸ் காலாவதியாகியும் கிடக்கிறதா? ஒன்று புதுப்பியுங்கள், இல்லையென்றால் முழுசாக நீக்குங்கள். நீக்கியபின், டிஃபெண்டர் மறுபடி ஆன் ஆகிவிட்டதா என்று விண்டோஸ் செக்யூரிட்டியில் பார்த்துவிடுங்கள்.

மறந்துவிடாதீர்கள்: எதையும் அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். '300 ரூபாய்க்கு லைஃப்டைம்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஐந்தாவது கேள்வி: இத்தனையும் மீறி ஏதாவது ஆகிவிட்டால்?

எந்த ஆன்டிவைரஸும் நூற்றுக்கு நூறு கிடையாது. அதனால் பிரதி எடுத்து வையுங்கள். ஆன்டிவைரஸுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்குக்கு முதலில் பங்கு கொடுங்கள். வாரம் ஒருமுறை படங்கள், சான்றிதழ்கள், படிப்பு வேலைகளை அதில் ஏற்றுங்கள். ஏற்றி முடித்ததும் கழற்றிவிடுங்கள். கழற்றாத பிரதி பிரதியே இல்லை, எங்கள் பென் டிரைவே சாட்சி. அரசுச் சான்றிதழ்களை டிஜிலாக்கரில் சேர்த்து வைத்தால், கணினி போனாலும் அவை போகாது.

தொற்று இருக்கிறது என்று சந்தேகமா? மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2017 முதல் நடத்தும் 'சைபர் ஸ்வச்சதா கேந்திரா' இணையதளத்தில், தொற்று நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ரான்சம்வேர் பூட்டிய கோப்புகளுக்கு, யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016-ல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில், சில வகைகளுக்குச் சாவி இலவசமாகவே உண்டு. எங்கள் கோப்புகளுக்கு அங்கே சாவி கிடைக்கவில்லை, உங்களுடையதற்குக் கிடைக்கலாம். பணம் மட்டும் கட்டாதீர்கள். கட்டினாலும் திறப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

கடைசியாக, ஆன்டிவைரஸால் முடியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். திடீரென்று திரை முழுக்கச் சிவப்பாகி, சைரன் அடித்து, 'உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்' என்று வரும். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்கவே இருக்காது. ஆல்ட், எஃப்4 இரண்டையும் சேர்த்து அழுத்தி மூடுங்கள். மூடாவிட்டால் கணினியை அணைத்துவிடுங்கள். அந்த எண்ணுக்கு அழைத்தால், "ஒரு சாஃப்ட்வேர் இன்ஸ்டால் பண்ணுங்க, நாங்களே சரி பண்றோம்" என்று சொல்லி, உங்கள் கணினியை அவர்கள் கைக்கு எடுத்துக்கொள்வார்கள். நாமே கதவைத் திறந்து, ஓடிபி-யையும் சொல்லிவிட்டால், எந்த வாட்ச்மேனும் என்ன செய்ய முடியும்?

அப்படியே ஏமாந்து பணம் போய்விட்டாலும் வெட்கப்பட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். இணையத்தைத் துண்டித்துவிட்டு, உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு அதிகம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அந்த எண்ணைப் பெரிதாக எழுதி கணினிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். ஏமாந்தவரைத் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்துதான் பலர் அந்த முதல் ஒரு மணி நேரத்தை வீணாக்குகிறார்கள்.

அக்கா இப்போது டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாதான் ஹார்டு டிஸ்க்கைச் செருகி, பிரதி எடுத்து, கழற்றி, பீரோவில் வைத்துப் பூட்டுகிறார். "ஆச்சா?" என்று நாங்கள் கேட்பதற்கு முன்பே, "கழட்டிட்டேன், கழட்டிட்டேன்" என்பார்.

இன்று வீட்டுக்குப் போனதும், அந்த விண்டோஸ் செக்யூரிட்டியை மட்டும் ஒருமுறை திறந்து பாருங்கள். பச்சை டிக் நிஜமாகவே பச்சைதானா என்று தெரிந்துவிடும்.