குரோஷாப் பின்னல்: முதற்பாடம்

35 ஆண்டுகள் பிறருக்குக் கற்பித்து ஓய்வு பெற்ற நான், சென்ற கோடை விடுமுறையில் மீண்டும் மாணவனானேன். ஆசிரியை, எட்டாம் வகுப்பில் பயிலும் என் பேத்தி. பாடம், குரோஷாப் பின்னல்.

குரோஷா என்பது சிறு கொக்கியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழியே வந்த பெயர். நுனியில் கொக்கியுள்ள ஓர் ஊசியும் ஒரு நூற்கண்டுமே இதற்கு வேண்டுவன. கம்பளிச் சட்டை பின்னுவோர் இரண்டு ஊசிகளைக் கையாள்வர். ஒரு வரிசையின் கண்ணிகள் யாவும் ஊசியிலேயே தங்கியிருக்கும். குரோஷாவிலோ ஒரு கண்ணியை முடித்த பின்னரே அடுத்த கண்ணி. துணி எவ்வளவு வளர்ந்தாலும் ஊசியில் எஞ்சுவது ஒரே வளையந்தான்.

இதனை வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணிவிட வேண்டா. அயர்லாந்து நாட்டில் 1845-ஆம் ஆண்டு உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து பெரும்பஞ்சம் தொடங்கியது. அப்போது இப்பின்னலைக் கற்று, லேஸ் பின்னி விற்று, குடும்பத்தைக் காத்த பெண்கள் பலர்.

இனி, செய்முறையைக் கூறுகிறேன். முதலில் நூலில் ஒரு சுருக்கு முடிச்சிட்டு அதனை ஊசியில் மாட்டுக. நூலைக் கொக்கியால் பற்றி அம்முடிச்சின் வழியே இழுத்தால் ஒரு சங்கிலிக் கண்ணி உண்டாகும். இவ்வாறு 21 கண்ணிகள் போடுக. ஊசியிலிருந்து இரண்டாம் கண்ணியில் கொக்கியை நுழைத்து நூலை இழுத்தால், ஊசியில் இரண்டு வளையங்கள் இருக்கும். மீண்டும் நூலைப் பற்றி இரண்டின் வழியாகவும் இழுத்துவிடுக. இதுவே ஒற்றைக் கண்ணி. இவ்வாறே முடிவு வரை சென்றால் 20 கண்ணிகள் அமையும். பின்பு ஒரு சங்கிலிக் கண்ணி போட்டு, துணியைத் திருப்பி, அடுத்த வரிசையைத் தொடங்குக.

சொல்வது எளிது, என் விரல்களுக்கு எளிதாக இல்லை. நூலை இறுகப் பிடித்தேன். கொக்கி நுழைய மறுத்தது. தளர்த்தினேன், கண்ணிகள் வலைபோல் அகன்றன. பத்து வரிசை முடித்துப் பெருமையுடன் நீட்டினேன். சதுரமாக இருக்க வேண்டியது கோபுரம்போல் மேலே குறுகியிருந்தது. 20 கண்ணிகள் 14 ஆகிவிட்டன!

"தாத்தா, ஒவ்வொரு வரிசை முடிந்ததும் எண்ணிப் பார்த்தீர்களா?" என்றாள் பேத்தி. நான் எண்ணவில்லை. வரிசையின் கடைசிக் கண்ணி ஓரத்தில் மறைந்து நிற்கும். கற்கத் தொடங்குவோர் அதனை விட்டுவிடுவது வழக்கம். அவள் நூலை மெல்ல இழுத்தாள். கண்ணிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. பிழை நேர்ந்த மூன்றாம் வரிசையில் நிறுத்தி, "இங்கிருந்து பின்னுங்கள், நூல் ஒன்றும் வீணாகவில்லை" என்று ஊசியை என்னிடம் தந்தாள்.

அப்பொழுது என் வகுப்பறை நினைவுக்கு வந்தது. கணக்கின் விடை தவறு என்றால் பக்கம் முழுவதும் சிவப்பு மையால் கோடிட்டுத் திருப்பிக் கொடுத்த நாள்கள் பல. எந்தப் படியில் தவறியது என்று எத்தனை மாணவர்க்குக் காட்டினேன்? கூசாமல் கூற இயலவில்லை. பதின்மூன்று வயதுச் சிறுமி அறிந்திருந்ததை நான் அறுபது கடந்து கற்றேன்.

மாணவர்களே, 20 கண்ணி அகலத்தில் ஒரு சதுரம் பின்னிப் பாருங்கள். ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் எண்ணுங்கள். குறைந்தால் வெட்கப்படாமல் பிழை நேர்ந்த இடம் வரை பிரித்து, அங்கிருந்து மீண்டும் தொடங்குங்கள். கணக்கிற்கும் கட்டுரைக்கும் இம்முறையே பொருந்தும்.