முத்துலட்சுமி அம்மா போட்ட தீர்மானம்

(தொண்டாமுத்தூர் மகளிர் குழுக் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் ஊக்குநர் ஒருவர் பேசியது)



பிரசவ உதவித்தொகைத் திட்டத்துக்கு "டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி"ன்னு பேர் வெச்சிருக்காங்களே, அவங்க யாருங்கன்னு போன கூட்டத்துல ஒரு அக்கா கேட்டாங்க.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். பெண்பிள்ளைகள் படிப்பதே அபூர்வமான காலத்தில், ஆண்கள் கல்லூரியில் சேர்ந்து படித்தார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1925-ல் லண்டன் போய் பெண்கள், குழந்தைகள் நோய் பற்றி மேல்படிப்பு படித்தார்.

ஊசி மருந்தோடு அவர் நின்றுவிடவில்லை. 1927-ல் சென்னை சட்டமன்றத்தின் துணைத் தலைவர் ஆனார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டும் என்று தீர்மானம் கொண்டு வந்தார். அதன் பலனாக, பிரசவ ஆஸ்பத்திரியிலேயே குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு திறக்கப்பட்டது. 1930-ல் ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்காக அவ்வை இல்லம் தொடங்கினார்.

நாமும் வாராவாரம் தீர்மானப் புத்தகம் எழுதறோம். எல்லாம் கடன், வட்டி, சேமிப்புதான். ஆனா நம்ம குழுவுலயே ஒரு பொண்ணு ஏழாம் மாசம் வரைக்கும் பதிவு பண்ணாம இருந்திருக்குது. கேட்டா, "நர்சம்மாகிட்டப் போனா அன்னைக்குக் கூலி போயிருமே அக்கா"ன்னு சொல்லுது. பக்கத்துலயே இருந்தும் நாம கேக்கலையே!

அதனால இன்னைக்கு ஒரு தீர்மானம் எழுதுவோம்: நம்ம தெருவுல யார் உண்டானாலும் 12 வாரத்துக்குள்ள நர்சம்மாகிட்டப் பதிவு பண்ண வைக்கணும். கூட ஒரு உறுப்பினர் போகணும்.

கையெழுத்துப் போடலாங்களா?