கடற்காகமும் கரும்பலகையும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நெய்தல் நிலத்துக்குரிய பறவை கடற்காகம் என்று பதினெட்டு ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிவருபவள் நான். சென்ற மார்கழியில் மாணவியர் சிலரோடு உவரி வழியாக மணப்பாடு சென்றேன். கருமேனியாறு கடலைச் சேரும் கழிமுகம் அது. மணல்திட்டில் நூற்றுக்கணக்கான பறவைகள் நின்றன. "இவற்றுள் கடற்காகம் எது அம்மா?" என்றாள் ஒருத்தி. காகம் என்ற சொல்லை நம்பி, நான் கரிய பறவையைத் தேடினேன். இன்னொருத்தி பறவைக் கையேட்டைப் புரட்டி, எதிரே நின்ற வெண்ணிறப் பறவையைச் சுட்டினாள். நான் பெற்ற முனைவர் பட்டம் அக்கணம் எனக்கு உதவவில்லை.

நாணத்தை மறைக்க ஒளிப்படக் கருவியை வாங்கிக்கொண்டு விரைந்து நடந்தேன். கூட்டம் முழுவதும் எழுந்து பறந்தது. படத்தில் எஞ்சியது வெறும் மணல். பின்னர் ஒரு படகின் நிழலில் ஒரு மணி நேரம் அசையாது அமர்ந்தோம். பறவைகள் தாமே திரும்பின. சிவந்த அலகும் கால்களும் தெரிந்தன. கண்ணுக்குப் பின்னே மை தொட்டாற்போல் ஒரு புள்ளி. அது பழுப்புத்தலைக் கடற்காகம். திபெத்து, லடாக்கு மேட்டுநில ஏரிகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் நம் கரைக்கு வருவது. இனப்பெருக்கக் காலத்தில் மட்டுமே தலை பழுப்பாகும். வேனில் தொடங்கியதும் வடக்கே திரும்பிவிடும்.

இரங்கல் நெய்தலின் உரிப்பொருள் என்று பாடம் சொன்ன எனக்கு, அந்நிலத்தின் பறவையே பிரிந்து சென்று மீள்வது என்பது அன்றுதான் விளங்கிற்று.

அதே கரை எனக்கு வேறொரு நினைவையும் தந்தது. 2016 ஜனவரியில் மணப்பாடு, திருச்செந்தூர்ப் பகுதிக் கரைகளில் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. 1973 ஜனவரியிலும் இப்பகுதியில் 147 ஒதுங்கியதுண்டு. மீனவர்கள் அவற்றைப் படகுகளால் ஆழ்கடலுக்கு இழுத்துச் சென்று விட்டனர். சில மீண்டும் கரைக்கே வந்தன. பல மாண்டன. சுற்றிநின்று படமெடுத்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. அப்படம் இன்றும் என்னிடம் உள்ளது. அவ்வுயிர் மூச்சுவிட்ட ஒலியைக் கேட்டேனா என்பது மட்டும் நினைவில்லை.

குளிர்நாட்டுக் கழிமுகங்களில் சீல் என்னும் கடல்விலங்கு குட்டியோடு மணலில் படுத்திருக்கும். அங்கே படமெடுப்போர் தொலைவிலேயே நிற்பர்; நெருங்கினால் தாய் மிரண்டு குட்டியைக் கைவிடக்கூடும் என்பதால். நம் கரையில் சீல் இல்லை. ஆயினும் அந்தத் தொலைவு நமக்கும் வேண்டும். நெடுவழி வந்து களைத்த பறவை நம்மால் எழுந்து பறக்குந்தோறும், இரைதேடிச் சேர்த்த வலிமையை இழக்கிறது.

கவிஞர்களே, நம் பாடல்களில் கடற்பறவைகள் ஏராளம். அவற்றுள் எத்தனையை நாம் பெயர் சொல்லி அழைத்திருக்கிறோம்? உவமை தேடி விரைந்து சென்றால் நமக்கும் வெறும் மணலே எஞ்சும். அடுத்த மார்கழியில் ஒரு நாள் நாம் அனைவரும் அக்கழிமுகத்தில் கூடுவோம். ஒரு மணி நேரம் பேசாதிருப்போம். எழுதுவது பிறகு ஆகட்டும். நானும் இம்முறை கரும்பலகையில் எழுதுமுன் மாணவியரைக் கரைக்கு அழைத்துச் செல்லவிருக்கிறேன்.