புதிய பாடத்திட்டமும் ஆசிரியர் உழைப்பும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

ஆசிரியரின் பணிச்சுமையும் ஊதியமும் ஆசிரியர் சங்க மேடைக்குரிய பொருளாயிற்றே, நம் கழக மேடையில் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நம் பிள்ளைகளில் மிகப் பலர் அரசுப் பள்ளிகளையும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளையும் நம்பியே பயில்கின்றனர். வகுப்பில் விளங்காததைத் தனிப்பயிற்சிக்குச் சென்று விளங்கிக்கொள்ளும் வசதி அவர்களுக்கு இல்லை. ஆசிரியருக்கு ஆயத்தம் செய்ய நேரமில்லையென்றால், அந்த இழப்பு முதலில் நம் குழந்தையின் தலையிலேதான் விழும். ஆகவே இது நம்முடைய பிரச்சினையே.

புதிய பாடத்திட்டத்தை நான் எதிர்ப்பவன் அல்லன். எல்லாப் பிள்ளைகளும் ஒரே நூலைப் படிக்க வேண்டுமென்ற சமச்சீர்க் கல்வி 2010ஆம் ஆண்டு ஒன்றாம், ஆறாம் வகுப்புகளில் தொடங்கிற்று. 2011ஆம் ஆண்டு ஜூன் மாதம் பள்ளி திறந்தாயிற்று. எந்த நூல் என்பதோ உச்ச நீதிமன்றம் ஆகஸ்டு 9ஆம் நாள் தீர்ப்பளித்த பின்னரே முடிவாயிற்று. இடைப்பட்ட நாட்களில் வகுப்பை நடத்தியவர்கள் ஆசிரியர்களே. பின்னர் 2018ஆம் ஆண்டு 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்கும், 2019ஆம் ஆண்டு ஏனைய வகுப்புகளுக்கும் புதிய நூல்கள் வந்தன. 2022ஆம் ஆண்டு தொடக்க வகுப்புகளுக்கு "எண்ணும் எழுத்தும்" திட்டம் வந்தது. ஒவ்வொன்றும் நல்ல நோக்கமுடையது. ஒவ்வொன்றும் ஆசிரியரின் நேரத்தைக் கேட்டது.

அந்நேரத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நடுநிலை வகுப்பு ஆசிரியர் ஒருவர் வாரத்திற்கு 30 பாடவேளை எடுக்கிறார் எனக் கொள்வோம். பாடவேளைக்கு 45 மணித்துளி வீதம் அது இருபத்திரண்டரை மணி. பழகிய பாடமாயின் பத்து மணித்துளி ஆயத்தம் போதும். வாரத்திற்கு 5 மணி. புதிய பாடமாயின் அரை மணியாவது வேண்டும். அது 15 மணி. 200 பிள்ளைகளின் குறிப்பேடுகளை, ஏட்டுக்கு இரண்டு மணித்துளி வீதம் திருத்தினால் ஏறத்தாழ ஆறே முக்கால் மணி. மொத்தம் 44 மணிக்கு மேல் ஆயிற்று. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், ஆயத்த நேரத்தையும் சேர்த்து ஆசிரியருக்கு வாரம் 45 மணிப் பணி என்று வகுத்துள்ளது. எனவே ஆயத்தமும் பணியே என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது. ஆனால் கைப்பேசிச் செயலியில் மதிப்பெண் பதிவதும், உதவித்தொகைப் படிவம் நிரப்புவதும், விலையில்லாப் பொருள்களுக்குக் கணக்கெழுதுவதும் எந்த மணியில் அடங்கும்? ஆயத்தத்திற்குரிய நேரத்தைத் தின்றே அவை நடைபெறுகின்றன. இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளை நடத்தும் தொடக்கப் பள்ளிகளின் நிலையைச் சொல்லவே வேண்டியதில்லை.

இனி ஊதியத்தைக் காண்போம். 1.6.2009க்கு முன் அமர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய். அதன்பின் அமர்ந்தவருக்கு 5,200 ரூபாய் என வகுக்கப்பட்டது. தகுதி ஒன்று, நூல் ஒன்று, வகுப்பு ஒன்று. ஊதியம் மட்டும் இரண்டு! 2012ஆம் ஆண்டு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு அமர்த்தப்பட்டனர். 2022ஆம் ஆண்டு 13,331 தற்காலிக இடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்களின் வழி நிரப்ப அறிவிப்பு வந்தபோது, இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000 ரூபாய் எனத் தொகுப்பூதியம் குறிக்கப்பட்டது. பத்தாம் வகுப்பின் புதிய அறிவியல் நூல், அதை நடத்துபவர் தற்காலிக ஆசிரியர் என்பதற்காக எளிதாகிவிடுமா?

இளைஞர்களே, இதில் உங்களுக்கு இன்னோர் இழப்பும் உண்டு. நிரந்தரப் பணியிடம் நிரப்பப்படும்போது ஆதிதிராவிடருக்கு 18 விழுக்காடு, அதனுள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு என இடஒதுக்கீடு உண்டு. தற்காலிக நியமனத்தில் அந்த உறுதி இல்லை. ஊர்ச் செல்வாக்கு உள்ளே நுழைய இடமுண்டு. அல்லும் பகலும் படித்துத் தகுதித் தேர்வில் வென்ற நம் வீட்டுப் பெண் தொகுப்பூதியத்திலேயே ஆண்டுகளைக் கழிக்க நேரிட்டால், அடுத்த தலைமுறை எதை நம்பிப் படிக்கும்?

வரைவுக் குழுத் தலைவராக அண்ணல் அம்பேத்கர் வீற்றிருந்து உருவான அரசியலமைப்பின் 39ஆம் கூறு, ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்கிறது. தற்காலிகப் பணியாளருக்கும் அக்கொள்கை பொருந்தும் என்று பஞ்சாப் மாநில வழக்கொன்றில் 2016ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாம் கேட்பது சலுகையன்று, உரிமை.

நாம் வேண்டுவன நான்கு. புதிய நூல் பள்ளி திறக்குமுன்பே ஆசிரியர் கைக்கு வர வேண்டும். பயிற்சி நாட்கள் பணிநாட்களாகவே கணக்கிடப்பட வேண்டும். எழுத்துப் பணிக்குத் தனி ஆள் வேண்டும். காலியிடங்கள் முறையான ஊதியத்தில் நிரந்தரமாக நிரப்பப்பட வேண்டும்.

இவற்றைக் கேட்கும் ஆசிரியருக்கும் கடமை உண்டு. பெற்ற நேரத்தை அவர் பிள்ளைகளுக்கே செலவிட வேண்டும். பள்ளி ஆசிரியராக வாழ்வைத் தொடங்கி நம் மக்களின் தலைவராக உயர்ந்த எம்.சி.இராஜா அவர்களை இங்கு நினைவூட்டுகிறேன்.

பெற்றோர்களே, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு இடம் உங்களுக்கே உரியது. கையொப்பமிடுவதோடு நின்றுவிடாதீர்கள். "எத்தனை இடம் காலி? எங்கள் ஆசிரியருக்கு ஆயத்த நேரம் உண்டா?" என்று கூட்டத்தில் கேளுங்கள், தீர்மானமாக எழுதி மேலிடத்திற்கு அனுப்புங்கள். நம் கழக இளைஞர்கள் அத்தீர்மானத்தை எழுதித் தரட்டும். இருபத்தைந்து ஆண்டு கண்ட கழகத்திற்கு அடுத்த பணி இதுவாகட்டும்.