விறகு அறுக்கும் வாள்



சிம்லாவில் ஐப்பசி மாதம் பிறந்துவிட்டால் வீட்டுக்கு வீடு ஒரே விசாரணைதான். தமிழ்நாட்டில் அந்நாட்களில் ஒருவரையொருவர் தீபாவளிக்குத் துணி எடுத்தாகிவிட்டதா என்று கேட்டுக்கொள்வார்கள். இங்கே, கட்டை அறுத்தாகிவிட்டதா என்று கேட்கிறார்கள். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாக நான் இவ்வூருக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. முதலாண்டில் இந்தக் கேள்வியின் கனம் எனக்குத் தெரியவில்லை. மின்சார அடுப்பு ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். தை மாதத்தில் ஓர் இரவு பனி பெய்து, கம்பிகள் அறுந்து, இரண்டு நாள் மின்சாரம் இல்லாமற் போனபோது, கீழ் வீட்டில் குடியிருந்த வீட்டுக்காரர்தாம் எங்கள் இருவரையும் குழந்தையையும் தம்முடைய கூடத்துக்கு அழைத்துப் போய் உட்கார வைத்தார். கூடத்தின் நடுவில் இரும்பினால் ஆன தந்தூர் அடுப்பு கணகணவென்று எரிந்துகொண்டிருந்தது. தந்தூர் என்றதும் ரொட்டி சுடும் மண்ணடுப்பை நினைத்துக்கொள்ள வேண்டாம். இமாசல மலைக்காரர்கள், அறையைச் சூடாக்குகின்ற, புகைபோக்கி வைத்த இரும்பு அடுப்பைத்தான் தந்தூர் என்கிறார்கள்.

அந்த அடுப்புக்கு வேண்டிய விறகு தியோக் பக்கத்தில் வீட்டுக்காரருக்கு இருந்த சிறு ஆப்பிள் தோட்டத்திலிருந்து வந்தது. வயதாகிக் காய்ப்பு நின்ற மரங்களை ஆண்டுதோறும் சில வீதம் எடுத்துவிட்டுப் புதுக் கன்று வைப்பார். ஆப்பிள் கட்டை கெட்டியானது, நிதானமாக எரியும், புகையிலும் ஒரு நல்ல மணம் உண்டு. நம் ஊரில் வெந்நீர் அடுப்புக்குப் புளியங்கட்டை கிடைத்தால் பாட்டிமார்களுக்கு ஏற்படுகிற சந்தோஷம் இங்கே ஆப்பிள் கட்டைக்கு உண்டு. ஒரு குளிர்காலத்துக்குப் பன்னிரண்டு குவின்டால் வேண்டும். அதனை முழங்கை நீளத் துண்டுகளாக அறுத்து, பிளந்து, அடுத்த ஆண்டுக்கென்று அடுக்கிக் காயவைக்க வேண்டும். பச்சைக் கட்டையை எரித்தால் சூட்டில் ஒரு பங்கு அதிலுள்ள நீரைக் காய்ச்சுவதிலேயே போய்விடும். புகைபோக்கியிலும் கரி அடைத்துக்கொள்ளும்.

இந்தப் பன்னிரண்டு குவின்டாலையும் அறுத்தது ஒரு பெட்ரோல் யந்திரம். ஆங்கிலத்தில் இதற்குச் 'செயின் சா' என்று பெயர். என் தொழில் புத்தி சும்மா இருக்காது அல்லவா? ஈர்வாள் என்ற நல்ல பழைய சொல் நம்மிடம் இருக்கிறது. சங்கிலி ஈர்வாள் எனலாம் என்று ஒரு காகிதத்தில் எழுதியும் வைத்தேன். ஊருக்குப் போனபோது தோப்பில் மரம் அறுக்கிறவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "மிஷின் வாள்னு சொன்னாப் போதும் சார்" என்றார். நானும் இன்று வாள் என்றே சொல்லிப் போகிறேன்.

1929-ஆம் ஆண்டு ஜெர்மனியில் பெட்ரோலினால் ஓடும் மரம் வெட்டும் வாள் விற்பனைக்கு வந்தபோது அதன் எடை 46 கிலோ. இரண்டு ஆட்கள் பிடிக்க வேண்டும். எங்கள் வீட்டு வாள் ஐந்தரைக் கிலோதான். வீட்டுக்காரர் அதை இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கினார். எனக்கு அறுக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. பேனா பிடிக்கிற கை என்று கேலி செய்துகொண்டே, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அரம் போடுவதை மட்டும் சொல்லிக் கொடுத்தார். சங்கிலிப் பல் கூராக இருந்தால் அறுக்கும்போது மரம் சீவல் சீவலாக வந்து விழும். மாவு மாவாக வந்தால் பல் மழுங்கிவிட்டது என்று அறிந்துகொள்ள வேண்டும். மழுங்கின பல்லோடு யந்திரத்தை அழுத்தி அறுக்கிறவன் யந்திரத்தையும் கெடுப்பான், தன் கையையும் கெடுத்துக்கொள்வான் என்பார். வாள் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனால், ஒரு பக்கத்துப் பற்கள் மறு பக்கத்துப் பற்களைவிட அதிகமாகத் தேய்ந்திருக்கின்றன என்று பொருள். அவருடைய அரம் 4.8 மில்லிமீட்டர் கனமுள்ள உருண்டை அரம். அதைத் துணியில் சுற்றி ஒரு பிஸ்கோத்து டப்பாவில் வைத்திருப்பார்.

இரண்டு குளிர்காலங்களுக்கு முன் அவர் காலமாகிவிட்டார். வாள் என் கைக்கு வந்தது. மாதாஜி, அதாவது வீட்டுக்கார அம்மாள், "பாபுஜி, இனி நீங்கள்தான்" என்று சொன்னபோது மறுக்க முடியவில்லை.

சென்ற கார்த்திகையில் அது தகராறு செய்ய ஆரம்பித்தது. கயிற்றை இருபது முறை இழுத்தால் ஒரு முறை பற்றிக்கொள்ளும், சூடேறியதும் நின்றுபோகும். நண்பர்கள் எல்லோரும், கிழட்டு யந்திரம், தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள் என்றார்கள். எனக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. தியோக்கில் இருக்கும் மிஸ்திரியிடம் எடுத்துச் சென்றேன்.

அந்த மிஸ்திரி அதிகம் பேசாதவர். வாளைத் தரையில் வைக்காமல், கயிற்றின் கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் தொங்கவிட்டார். வாள் தன் பாரத்தினால் விட்டுவிட்டு, படிப்படியாக இறங்கிற்று. "பார்த்தீர்களா? உள்ளே அழுத்தம் இருக்கிறது. தேய்ந்த யந்திரமாக இருந்தால் தடதடவென்று விழுந்திருக்கும்" என்றார். பிறகு புகை வெளியேறும் பெட்டியைக் கழற்றி, துவாரத்தின் வழியே பிஸ்டனைக் காட்டினார். நெட்டுக்குத்தாகக் கீறல் இருந்தால் அந்த யந்திரத்துக்காகப் பணம் செலவிடுவது வீண் என்பது அவர் கணக்கு. எங்களுடையதில் கீறல் இல்லை. ஆண்டுக்கணக்கில், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு இருபது மில்லிலிட்டர் எண்ணெய் என்று அளந்து ஊற்றிய ஒரு மனிதரின் ஒழுங்கு அந்தத் துவாரத்துக்குள் தெரிந்தது.

அப்படியானால் கோளாறு எங்கே? கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர்த் தகடும், பெட்ரோல் வரும் குழாயும் இறுகி வெடித்திருந்தன. இதிலே நம் காலத்து மாற்றம் ஒன்று கலந்திருக்கிறது. 2025-ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்கு எட்டப்பட்டது. அதற்கு முன் வந்த சிறு யந்திரங்களின் ரப்பர்ப் பாகங்கள் பல இந்தக் கலவையைத் தாங்குவதற்கென்று செய்யப்பட்டவையல்ல. மேலும் எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மாசி மாதம் ஊற்றிய பெட்ரோலை ஐப்பசி வரை தொட்டியிலே விட்டுவைத்தது என் குற்றம். வீட்டுக்காரராயிருந்தால் கடைசிச் சொட்டையும் வடித்துவிட்டு, ஓடி நிற்கும்வரை ஓட்டிவிட்டுத்தான் பரணில் ஏற்றியிருப்பார். ரப்பர்ப் பாகங்களுக்கும் கூலிக்குமாக ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கொடுத்தேன். வாள் இரண்டாம் இழுப்பிலேயே பற்றிக்கொண்டது. நண்பர்களை ஜெயித்துவிட்ட மிதப்பில் வீடு திரும்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

கவைக் கிளை ஒன்றை அறுத்துக்கொண்டிருந்தேன். வாளின் மூக்கு, அதாவது பட்டையின் நுனி, பின்னால் கிடந்த வேறொரு கட்டையை மேற்பக்கமாகத் தொட்டுவிட்டது. தொட்டதை நான் பார்க்கவேயில்லை. மறுகணம் வாள் என் கையை மீறி மேலே எகிறிப் பின்புறமாக வந்தது. நொடிக்கு இருபது மீட்டர் வேகத்தில் ஓடுகிற சங்கிலி, நுனியின் மேற்பாகத்தில் மரத்தைக் கடித்துக்கொண்டால், முன்னே போக வழியில்லாமல் வாளையே பின்னுக்கு எறிந்துவிடும். மனிதன் கண் இமைப்பதற்குள் அது நடந்து முடிந்துவிடுகிறது. என் கோட்டின் இடது தோள் கிழிந்தது. உள்ளே இருந்த கம்பளிச் சட்டையின் நூல் சங்கிலியில் சிக்கிச் சுற்றிக்கொண்டு அதை நிறுத்திற்று. தோலில் நகக்கீறல் அளவுக்குக்கூடக் காயமில்லை. கழுத்து அங்கிருந்து நான்கு விரற்கடை.

இத்தகைய எகிறலுக்கென்றே வாள்களில் 1970-களின் தொடக்கத்திலிருந்து தடை ஒன்று வைக்கிறார்கள். முன் கைப்பிடிக்கு முன்னால் நிற்கிற தகட்டில் இடக்கையின் புறம் பட்டதும், உள்ளே ஓர் உருக்குப் பட்டை சுழலும் உருளையை இறுகப் பற்றி, நொடியில் சிறு பகுதிக்குள் சங்கிலியை நிறுத்திவிடும். எங்கள் வாளிலும் அந்தத் தகடு இருந்தது. ஆனால் அதன் ஒரு காது எந்தக் காலத்திலோ உடைந்து, கம்பியினால் கட்டப்பட்டிருந்தது. கட்டிய தகடு அசையாது. அசையாத தகடு தடை போடாது. அந்தக் கம்பியை ஏழு ஆண்டுகளாக நான் பார்த்திருக்கிறேன். அது என்ன என்று ஒரு நாளும் கேட்டதில்லை. மிஸ்திரியும் யந்திரம் பற்றிக்கொள்ளவில்லை என்று நான் சொன்னதைத்தான் பார்த்தார். நான் கேட்டதற்கு அவர் பதில் சொன்னார். ஓடுமா என்று கேட்டேனே ஒழிய, நிற்குமா என்று கேட்கவில்லை.

அன்று மாலை மாதாஜியிடம் இதைச் சொன்னேன். அவர் சற்று நேரம் தந்தூரையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரரின் இடது மணிக்கட்டில் நீளமான தழும்பு ஒன்று உண்டு. கவாத்துக் கத்தி பட்டது என்று என்னிடம் சொல்லியிருந்தார். கத்தியல்ல, இந்த வாள்தான் என்று மாதாஜி அன்றுதான் சொன்னார். தகடு உடைந்ததும் அப்போதுதானாம். பதினோரு தையல் போட்டார்களாம். தோட்டத்துக்கு வர மறுத்துவிடுவீர்கள் என்று உங்களிடம் மறைத்தார் பாபுஜி, என்றார்.

மறுநாளே மிஸ்திரியிடம் போய்த் தகடும் தடைப்பட்டையும் கேட்டேன். அந்த மாதிரி வாளுக்கு அந்தப் பாகங்கள் இப்போது வருவதில்லை என்று சொல்லிவிட்டார். வேறு வாளின் பாகத்தை ராவிப் பொருத்தலாமா என்றேன். அவர் தலையை ஆட்டினாரே தவிர, வாய் திறக்கவில்லை. இந்த விஷயத்தில் பேசாதவர் ஆட்டுகிற தலை போதும்.

மாதாஜிக்கு வாளைக் கைவிட மனமில்லை. அது எனக்குப் புரிந்தது. ஆனால் அந்த வீட்டில் பதினேழு வயதுப் பேரன் ஒருவன் இருக்கிறான். தாத்தாவின் வாளை அடுத்த ஆண்டு நான்தான் ஓட்டுவேன் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறான். "அவன் கையில் இதைக் கொடுப்பீர்களா மாதாஜி?" என்று நான் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் எழுந்து உள்ளே போனார். இரவு சாப்பாட்டுக்குப் பின் பேரனை மாடிக்கு அனுப்பி, புதியது என்ன விலை என்று கேட்டுவரச் சொன்னார்.

புதிது வாங்குவதிலும் யோசனை பல இருந்தன. கடைத்தெருவில் ஏழெட்டாயிரத்துக்கும் வாள்கள் கிடைக்கின்றன. பளபளப்பாக இருக்கின்றன, ஆனால் இரண்டாண்டு கழித்து அவற்றுக்குப் பாகம் கிடைக்கும் என்று சொல்ல மிஸ்திரி தயாராயில்லை. பழையது எதனால் பயனற்றுப் போயிற்றோ, அதே காரணத்தைப் புதிதாக விலைக்கு வாங்குவானேன்? மின்சாரத்தில் ஓடும் வாள், வீட்டு முற்றத்திலேயே அறுப்பவர்களுக்கு நல்லது. பெட்ரோல் தொல்லை இல்லை, சத்தமும் குறைவு. எங்கள் தோட்டத்தில் மின்சாரம் இல்லை. மின்கலத்தில் ஓடுபவற்றை ஒரு கடையில் பிடித்துப் பார்த்தேன். கைக்கு அடக்கமாக இருந்தது. ஆனால் கடுங்குளிரில் மின்கலம் சீக்கிரம் களைத்துப்போகிறது. உபரி மின்கலத்தின் விலையைக் கேட்டுவிட்டு நானும் களைத்துப்போனேன். ஒரு நாள் கூலிக்கு ஆளையும் வாளையும் சேர்த்து அமர்த்துவதுதான் கணக்குப்படி எல்லாவற்றிலும் மலிவு. வருஷத்தில் ஒரு நாள் அறுப்பவர்கள் அப்படியே செய்யலாம். நானும் அதைத்தான் சொல்வேன். எங்களுக்குக் கவாத்து வேலையும் இருக்கிறது. அது பனிக்காலத்தில் வருகிறது. அப்போது இங்கே வேலை செய்யும் நேபாளத்து ஆட்களில் பலர் ஊருக்குப் போய்விடுகிறார்கள்.

கடைசியில் மிஸ்திரி பாகம் வைத்திருக்கிற வகையிலேயே, முப்பதாயிரத்தை ஒட்டிய விலையில், நடுத்தரமான ஒன்றை வாங்கினோம். பாதியை நான் போட்டேன். கண்ணாடி, காதுமூடி, வெட்டுப்படாத நார் வைத்துத் தைத்த கால்சட்டை ஆகியவற்றையும் சேர்த்து வாங்கினோம். கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு அறுக்கிற வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். அறுக்கத் தொடங்குமுன், வாளை ஓடவிட்டு, இரு கைகளும் பிடியை விடாமலே, இடது மணிக்கட்டை மடக்கித் தகட்டை முன்னே தள்ள வேண்டும். சங்கிலி அந்தக் கணமே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அன்று அறுப்பு இல்லை. பேரனுக்கு நான் முதலில் கற்றுக்கொடுத்தது இதுதான்.

பழைய வாளின் சங்கிலியையும் பட்டையையும் கழற்றி மிஸ்திரியிடம் கொடுத்துவிட்டேன், யாரும் ஆசைப்பட்டு எடுத்து ஓட்டிவிடக் கூடாதென்று. மற்ற பாகம் மாதாஜியின் பரணில் இருக்கிறது. புதுச் சங்கிலிக்கு என்ன அரம் வேண்டும் என்று அதனுடன் வந்த புத்தகத்தில் பார்த்தேன், 4.8 மில்லிமீட்டர் என்றிருந்தது. பேரன் போய்ப் பிஸ்கோத்து டப்பாவை எடுத்து வந்தான்.