லாக் என்னும் பதிவேடு: திறந்து பார்த்துப் பதில் சொல்லுங்க

(ஆமத்தூர் கணினி மாணவர்களுக்கான உரையின் எழுத்து வடிவம்)

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவுல இருக்கிற ஆமத்தூர்ல, பதிவேடுன்னா என்னன்னு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பட்டாசு ஆலையில் இருப்பு எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு என்று எழுதியே ஆக வேண்டும். இணையச் சேவைக்கும் அப்படி ஒரு பதிவேடு உண்டு. அதுதான் 'லாக்'.

ஒரு அம்மா, மகளோட கல்லூரிச் சேர்க்கைக்காக வருமானச் சான்று கேட்டு வர்றாங்கன்னு வச்சுக்குவோம். காலை 11.10க்குக் கட்டணம் போயிடுச்சு. ஒப்புகைச் சீட்டு வரல. "சர்வர் சரியில்லம்மா, நாளைக்கு வாங்க"ன்னு சொன்னா அவங்களுக்கு ஒரு நாள் கூலி போச்சு.

சேவையை நடத்தும் பொறியாளர் இங்கே என்ன செய்யலாம்? சேவை அமேசான் மேகத்தில் ஓடினால், லாக் 'கிளவுட்வாட்ச்' என்ற இடத்தில் சேரும். பிரவுசர் திறந்து பக்கம் பக்கமாகத் தேட வேண்டாம். கறுப்புத் திரையில் 'ஏ.டபிள்யூ.எஸ். லாக்ஸ் டெயில்' என்ற ஒரே கட்டளை போதும். 'ஃபாலோ' சேர்த்தால் புது வரிகள் வர வர ஓடும்.

மூன்று விஷயம் கவனிங்க. ஒன்று, நேரம் குறிப்பிடாவிட்டால் கடைசி 10 நிமிடம்தான் தெரியும். மதியம் தேடினால் 'சின்ஸ்' போட்டு 3 மணி நேரம் பின்னால் போகணும். இரண்டு, நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம்ம 11.10, அங்கே 5.40. மூன்று, விண்ணப்ப எண்ணை வடிகட்டியில் கொடுங்க. நடுவில் கோடு இருந்தால் மேற்கோள் குறிக்குள் போடுங்க. பணம் வந்த வரி இருந்து, சீட்டு உருவான வரி இல்லையென்றால், தவறு எந்த இடத்தில் என்று தெரிந்துவிடும். அந்த அம்மா மறுபடி பணம் கட்ட வேண்டியதில்லை.

லாக்கைப் பாதுகாப்பதும் கடமை. 2022 ஏப்ரலில் செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுப்படி 180 நாள் வைத்திருக்க வேண்டும். அதே சமயம் ஆதார் எண், கைப்பேசி எண்ணை லாக்கில் எழுதாதீங்க. அது சேவையின் நடமாட்டத்தைக் காட்டணும். மக்களின் அந்தரங்கத்தை அல்ல.

அடுத்த முறை "சர்வர் சரியில்லை"ன்னு சொல்ல வாய் வந்தா, முதல்ல பதிவேட்டைத் திறங்க. காத்திருக்கிறவங்களுக்கு நாம தர வேண்டியது சாக்கு அல்ல, பதில்.