யாருடைய பாட்டு? யார் கையில் கணக்கு?

(திருவண்ணாமலையில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் சுருக்கம்)



கூலியைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் பேசுகிற மேடையில் இன்று ஒரு பாட்டைப் பற்றிப் பேசப் போகிறோம். இது என்ன வேலையற்ற வேலை என்று நினைக்க வேண்டாம். எங்கே சுற்றினாலும் கடைசியில் கூலிக்கும் நிலத்துக்கும்தான் வந்து சேருவோம்.

2021 மார்ச் 7-ம் தேதி ‘என்ஜாய் எஞ்சாமி’ என்ற பாட்டு வெளிவந்தது. பாடியவர்கள் இருவர். ஒருவர் தீ, 2018-ல் வந்த ‘மாரி 2’ படத்தின் ‘ரௌடி பேபி’ பாட்டால் ஊரறிந்த குரல். மற்றவர் தெருக்குரல் அறிவு. அரக்கோணத்துப் பிள்ளை, வார்த்தைகளை எழுதியவரும் அவரே. இசை சந்தோஷ் நாராயணன். வெளியிட்டது ‘மாஜா’ என்ற நிறுவனம். எந்த சினிமாவிலும் வராத இந்தப் பாட்டை யூடியூபில் 40 கோடி தடவைக்கு மேல் பார்த்திருக்கிறார்கள். நம் ஊர்க் கலியாண வீடுகளிலும் இதற்கு ஆடாத இளவட்டம் இல்லை.

ஆட வைக்கிற பாட்டுத்தான். ஆனால் அதன் அடியில் கிடப்பது அழுகை. அறிவின் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு, கையில் ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தவர். அந்தக் கதையிலிருந்து பிறந்த பாட்டு இது.

அந்தக் கதை ஒரு குடும்பத்தின் கதையா? இல்லை. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் பஞ்சமும் பண்ணை அடிமைத்தனமும் விரட்ட, நம் ஜனங்கள் கங்காணியின் பின்னால் கண்டிச் சீமைக்குப் போனார்கள். காட்டை வெட்டினார்கள், முதலில் காப்பி, பிறகு தேயிலை என்று மலையையே பச்சையாக்கினார்கள். 1948-ல் அந்த நாடு சுதந்திரம் அடைந்தது. அதே ஆண்டில் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-ம் தேதி சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக் கொள்வோம் என்று எழுதினார்கள். 1974-ல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். சந்தையில் உருப்படி எண்ணுவதுபோல எண்ணினார்கள், தோழர்களே! மலையைத் திருத்தியவனுக்கு அந்த மலையில் ஒரு முழ நிலம் சொந்தமில்லை.

‘எஞ்சாமி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பண்ணையார் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உழைப்பாளி சொன்ன சொல் அது. அதே சொல்லால்தான் பாட்டி தன் பேரனை மடியில் வைத்துக் கொஞ்சுகிறாள். பயந்து சொன்ன சொல்லைப் பாசத்துக்குத் திருப்பியதில்தான் பாட்டின் பலம் இருக்கிறது.

நம் ஊர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இரண்டு சிநேகிதர்கள் இந்தப் பாட்டைப் பற்றிச் சண்டை போட்டதைக் கேட்டோம். ஒருவர் ஆரணி அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர். மற்றவர் தண்டராம்பட்டுப் பக்கம் நடவு, அறுவடை என்று கூலிக்குப் போகிறவர்.

“அந்தப் பொண்ணு குரல் இல்லேன்னா இதை யாரு மச்சான் கேட்டிருப்பான்?” என்றார் ஆலைக்காரர்.

“இன்னா மச்சான் பேசுற? நம்ப பாட்டன் பூட்டன் கதையை எழுதினவன் அவன். அவன் பேரையே மறைச்சிட்டாங்க, நீ குரலைப் பத்திப் பேசுற!” என்றார் மற்றவர்.

அவர் கோபத்துக்குக் காரணம் உண்டு. 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ என்ற பத்திரிகை இந்தப் பாட்டைப் புகழ்ந்து அட்டை போட்டது. அட்டையில் தீ இருந்தார், ஷான் வின்சென்ட் டி பால் என்ற வேறொரு பாடகர் இருந்தார், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் முதல் பலர் கண்டித்த பிறகு அறிவுக்குத் தனி அட்டை வந்தது. 2022 ஜூலை 28-ல் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. தீயும் கிராமியப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் அந்தப் பாட்டைப் பாடினார்கள். அப்போதும் அறிவு மேடையில் இல்லை. அவர் அப்போது அமெரிக்காவில் இருந்தார் என்று சந்தோஷ் நாராயணன் விளக்கினார். மெட்டும் சொல்லும் தன் உழைப்பு என்றார் அறிவு. மூவர் உழைப்பும் சேர்ந்தது, வருமானத்திலும் மூவருக்கும் சமபங்கு என்றார் இசையமைப்பாளர். அறிவின் பெயரைத் தான் எங்கும் சொல்லியே வந்ததாகத் தீயும் எழுதினார்.

பெயர் விட்டுப்போவது சின்ன விஷயமா? இல்லை. இந்த நாட்டில் யார் பெயர் எப்போதும் விட்டுப்போகிறது என்பதைச் சேரித் தெருவில் பிறந்தவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆகவே அந்த விவசாயத் தொழிலாளியின் கோபம் நியாயமான கோபம்.

ஆனால் சண்டை அத்தோடு நின்றால் போதுமா? ஆரணி ஆலையையே எடுத்துக் கொள்ளுங்கள். நெல் விளைத்தவன் ஒருவன், அவித்தவன் ஒருவன், மூட்டை தூக்கியவன் ஒருவன். அரிசி யாருடையது என்று இந்த மூவரும் மல்லுக்கட்டினால், தராசையும் கணக்குப் புத்தகத்தையும் கையில் வைத்திருப்பவனுக்கு அதைவிடக் கொண்டாட்டம் வேறென்ன?

பாட்டிலும் நடந்தது என்ன? 2024 மார்ச்சில், பாட்டுக்கு மூன்று வயது முடிந்தபோது, சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாகச் சொன்னார்: அதுவரை தனக்கோ, தீக்கோ, அறிவுக்கோ இந்தப் பாட்டின் வருமானத்தில் ஒரு பைசாகூட வரவில்லை என்று. நிறுவனத்தார் தங்கள் தரப்பில் வேறு விளக்கம் சொன்னார்கள். எது எப்படியானாலும், உலகமே கேட்ட பாட்டின் கணக்கு அதை உண்டாக்கியவர்கள் கையில் இல்லை. இதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

சட்டம் இல்லையா? இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டம் வந்தது 1957-ல். ஆனால் காசு கொடுத்து எழுத வைத்த படத் தயாரிப்பாளரே பாட்டுக்கு உரிமையாளர் என்று 1977-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 35 வருஷம் போராடிய பிறகுதான், 2012-ல் சட்டம் திருந்தியது. சினிமாக் கொட்டகையில் படம் ஓடுவது நீங்கலாக, பாட்டு பயன்படும் இடங்களில் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் சமபங்கு உண்டு. வாரிசுக்கோ உரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் அதை எழுதிக் கொடுத்துவிட முடியாது. வியாபாரத்துக்குப் பயன்பட்டால் பாடியவருக்கும் பங்கு உண்டு. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் போலத்தான் இதுவும். ஏட்டில் இருக்கிறது, கேட்டால்தான் கைக்கு வரும்.

இது பெரிய பாடகர்கள் பாடு, நமக்கென்ன என்று இருக்கலாமா? நம் தாய்மார்கள் நாற்று நடும்போது பாடுகிறார்கள். சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கிறார்கள். நம் பிள்ளைகள் பறை அடிக்கிறார்கள். செய்யாறு பக்கம் புரிசையில் தலைமுறை தலைமுறையாகத் தெருக்கூத்து ஆடுகிறார்கள். இன்று எவனோ ஒருவன் செல்போனோடு வருகிறான். வரப்பில் நின்று படம் பிடிக்கிறான். ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகிறான். பாட்டு அவன் பெயரில் ஊர் சுற்றுகிறது. தலைமுறையாக வாய்வழி வந்த பாட்டுக்கு உரிமை கேட்க, எழுதிவைத்த சாட்சியம்கூட நம்மிடம் இல்லை.

ஆகவே தோழர்களே, மூன்று காரியம் செய்யுங்கள். பாட வந்தவரின் பெயரையும் ஊரையும் சேர்த்துப் போடாதவனைப் படம் பிடிக்க விடாதீர்கள். கூலியை முன்கூட்டியே பேசுங்கள். வருமானம் வந்தால் பங்கு உண்டு என்று எழுதி வாங்குங்கள். படிக்கத் தெரியாத காகிதத்தில் கைநாட்டு வைக்காதீர்கள். படித்த தோழரிடம் காட்டுங்கள்.

அந்த இரண்டு சிநேகிதர்களுக்கும் நாம் சொல்வது இதுதான்: குரலும் உழைப்பு, சொல்லும் உழைப்பு. உழைப்பாளியின் பெயரை மறைத்தால் இருவருமாகச் சேர்ந்து கேளுங்கள். கணக்கை மறைத்தால் இன்னும் உரக்கக் கேளுங்கள்!